கை நீளம் எப்போது கைகொடுக்கும்? பெரிய குத்துச்சண்டைக்கு முன் நடக்கும் வாதங்களுக்கு ஒரு விளக்கம்

பெரிய குத்துச்சண்டை ஒன்று வருகிறதென்றால் ஒரு வாரத்துக்கு முன்பே அந்தப் படம் வந்துவிடும். இடப்பக்கம் ஒரு வீரர், வலப்பக்கம் ஒரு வீரர், நடுவில் எண்கள்: உயரம், எடை, கை வீச்சு, வயது, எத்தனை வெற்றி, அதில் எத்தனை நாக்அவுட். டெல்லியில் ஆர்.கே.புரம், முனிர்கா, மயூர் விஹார் பக்கம் இருக்கும் தமிழர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் அது வந்து விழுந்ததும் இரண்டு கட்சி பிரிந்துவிடும். "ஆறடி ஒன்பது அங்குலம் இருக்கிறவனை எட்டித் தொடவே முடியாது, எப்படி ஜெயிப்பான்?" என்பது ஒரு கட்சி. "உயரம் இருந்து என்ன செய்ய, கால் நகரலையே" என்பது இன்னொரு கட்சி.

2024 மே 18 அன்று ரியாத்தில், எடைக்கு மேல்வரம்பே இல்லாத ஹெவிவெயிட் பிரிவில், டைசன் ஃபியூரியும் ஒலெக்சாண்டர் உசிக்கும் மோதியபோது இந்த வாதம் உச்சத்துக்குப் போனது. ஃபியூரியின் உயரம் 206 செ.மீ., உசிக் 191 செ.மீ. கை வீச்சு ஃபியூரிக்கு 216 செ.மீ., உசிக்குக்கு 198 செ.மீ. எடையிலும் ஃபியூரி 17 கிலோவுக்கு மேல் அதிகம். ஜெயித்தது உசிக். அதே ஆண்டு டிசம்பர் 21-இல் ஃபியூரி இன்னும் எடை கூட்டிக்கொண்டு, சுமார் 25 கிலோ வித்தியாசத்தில் வந்தார். அப்போதும் ஜெயித்தது உசிக்தான், மூன்று நடுவர்களும் 116-112 என்று ஒரே மாதிரி புள்ளி போட்டார்கள்.

உடல் அளவைச் சொல்லும் ஒவ்வொரு வரியிலும் பின்தங்கியவர் இரண்டு முறை எப்படி ஜெயித்தார்? "உத்தி" என்று ஒரே சொல்லில் பதில் சொல்லிவிடலாம், ஆனால் அந்தச் சொல் எதையும் விளக்காது. பட்டியலில் இருக்கும் ஒவ்வொரு எண்ணும் எதை அளக்கிறது, ரிங்குக்குள் எந்த இடத்தில் அது வேலை செய்கிறது என்று பார்த்தால்தான் உத்தி எதற்கு என்பது தெரியும்.

கை வீச்சு என்றால் என்ன?

முதல் குழப்பமே இங்கேதான். கை வீச்சு 216 செ.மீ. என்றால் ஒரு கையின் நீளம் அது இல்லை. இரண்டு கைகளையும் பக்கவாட்டில் விரித்து, ஒரு கையின் விரல் நுனியிலிருந்து மறு கையின் விரல் நுனி வரை அளப்பது. தோள்களின் அகலமும் அதற்குள் அடக்கம். வீட்டிலேயே பார்க்கலாம்: சுவரில் முதுகை ஒட்டி நின்று கைகளை விரியுங்கள், வேறொருவரை இரண்டு நுனியிலும் பென்சிலால் குறிக்கச் சொல்லி அளந்து பாருங்கள். பெரும்பாலானவர்களுக்கு அது கிட்டத்தட்ட அவர்கள் உயரமே வரும்.

அப்படியானால் ஃபியூரிக்கும் உசிக்குக்கும் இருந்த 18 செ.மீ. வித்தியாசம் இரண்டு கைக்கும் சேர்த்து. ஒரு கைக்கு அதிகபட்சம் 9 செ.மீ. அதாவது ஓர் உள்ளங்கை அகலம். அதிலும் தோள் அகலமாக இருக்கும் ஆளுக்கு அந்த எண் ஏறிவிடும், ஆனால் கை அந்த அளவுக்கு நீண்டிருக்காது. பட்டியலைப் பார்த்து "18 செ.மீ. தள்ளி நின்றே அடிப்பான்" என்று பேசுகிறவர்கள் கணக்கை இரட்டிப்பாக்கிவிடுகிறார்கள்.

உள்ளங்கை அகலம் சின்ன விஷயமா? இல்லவே இல்லை. ஒரு ஜாப் (முன்கையை நேராக நீட்டி விடும் வேகக் குத்து) மூக்கில் படுவதும் மூக்குக்கு முன்னால் நின்றுவிடுவதும் இரண்டு விரல் அகலத்தில் முடிவாகிற விளையாட்டு இது. ஆனால் அந்த 9 செ.மீ. எல்லா நேரமும் கிடைப்பதில்லை.

குனிந்தால் என்ன ஆகிறது

நீட்டிய கை தோள் உயரத்தில் நேராகப் போகும்போதுதான் அதிக தூரம் எட்டும். 15 செ.மீ. குள்ளமானவர் நிமிர்ந்து நின்றால் அவருடைய தாடை உயரமானவரின் தோள் மட்டத்துக்கே வந்துவிடும். அடிக்க அதைவிட வசதியான இடம் கிடையாது.

அவரே முழங்காலை மடக்கித் தலையை 30 செ.மீ. இறக்கினால் கணக்கு மாறுகிறது. தோளிலிருந்து முஷ்டி வரை 75 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். 30 செ.மீ. கீழே இருக்கும் இலக்கை நோக்கிக் கை சாய்வாக இறங்க வேண்டும். பள்ளிக்கூடத்தில் படித்த பிதாகரஸ் கணக்குதான்: முன்னோக்கி எட்டும் தூரம் சுமார் 69 செ.மீ. ஆகிவிடும். கூடுதலாக இருந்த 9 செ.மீ.யில் 6 செ.மீ. அங்கேயே போய்விட்டது. கீழே இருப்பவர் மேல்நோக்கித் தாடையைக் குறிவைத்தால் அவருக்கும் இதே நஷ்டம் உண்டு. ஆனால் அவர் முன்னால் உயரமானவரின் வயிறும் விலாவும் நேராக இருக்கின்றன. குள்ளமான வீரர்களின் பயிற்சியாளர்கள் "உடம்பை அடி, உடம்பை அடி" என்று விடாமல் கத்துவது இதனால்தான்.

இப்படிக் குனிந்தே நிற்கத் தொடை வலு வேண்டும், எட்டு ஒன்பது ரவுண்டு தாங்க வேண்டும். அது இல்லாதவர் நான்காம் ரவுண்டில் நிமிர்ந்துவிடுவார்.

மூன்று தூரங்கள்

டெல்லியில் ஒரு பயிற்சிக் கூடத்தில் மாலை நேர வகுப்பு. வியாசர்பாடியிலிருந்து வந்து இங்கேயே தங்கிவிட்ட ஒரு வாத்தியார், சிமெண்ட் தரையில் சாக்பீஸால் இரண்டு கோடு கிழிக்கிறார், நடுவில் ஒரு கை நீளம். ஒரு கோட்டில் ஆறடிப் பையன், மறு கோட்டில் அவன் தோளுக்கு இருக்கும் பையன். குத்து கிடையாது, கால் மட்டும்தான். நெட்டைப் பையன் அந்த இடைவெளியைக் காப்பாற்ற வேண்டும், மற்றவன் அதை உடைத்து உள்ளே போக வேண்டும். நேராக ஓடி உள்ளே போக முயன்ற ஒவ்வொரு முறையும் குட்டைப் பையனின் நெற்றியில் கையுறை வந்து நிற்கிறது. "கையைப் பாக்காதடா, அவன் முன்னங்காலைப் பாரு" என்கிறார் வாத்தியார். அப்புறம் அவன் நேராகப் போவதை விட்டுவிட்டு, நெட்டையன் ஜாபைப் பின்னுக்கு இழுக்கும் அந்தக் கணத்தில் பக்கவாட்டில் ஒரு அடி வைத்து நுழைகிறான். நெட்டையனின் நீளக் கை இப்போது அவன் முதுகுக்குப் பின்னால் கிடக்கிறது.

இந்தச் சண்டையின் அடிப்படை அந்தத் தரையிலேயே இருக்கிறது. தூரத்தை மூன்றாகப் பிரிக்கலாம்.

1. வெளித்தூரம். நீளமான கைக்கு எட்டும், குட்டைக் கைக்கு எட்டாது. இங்கே கை வீச்சுதான் ராஜா. ஜாபும் நேர்க்குத்தும் ஆயுதங்கள்.

2. நடுத்தூரம். இருவருக்கும் எட்டும். இங்கே கை வீச்சுக்கு மதிப்பு குறைந்து, யார் முதலில் அடிக்கிறார், யார் தலையை நகர்த்துகிறார் என்பது முக்கியமாகிறது.

3. ஒட்டிய தூரம். நீளக் கையை மடக்கிக் குத்த இடம் போதாது. ஹுக் (பக்கவாட்டில் வளைத்து விடும் குத்து), அப்பர்கட் (கீழிருந்து மேலே விடும் குத்து), விலாவில் குத்து. இங்கே குட்டைக் கை வசதி. ஆனால் எடை கூடியவர் கட்டிப்பிடித்து மேலே சாய்ந்து களைக்க வைக்கலாம். இதைத்தான் கிளிஞ்ச் என்கிறார்கள். ஃபியூரியின் எடை கூடியபோது பலர் எதிர்பார்த்தது இந்த உத்தியைத்தான்.

ஆக, பட்டியலைப் பார்த்ததும் கேட்க வேண்டிய கேள்வி "யாருக்குக் கை நீளம்?" என்பதைவிட "சண்டை எந்தத் தூரத்தில் நடக்கப்போகிறது, அதை முடிவு செய்யும் கால் யாரிடம் இருக்கிறது?" என்பதுதான். உசிக் இரண்டு சண்டையிலும் நிற்காமல் கால் நகர்த்திக்கொண்டே இருந்தார், ஃபியூரியின் எல்லைக்குள் நுழைவதும் வெளியேறுவதுமாக. முதல் சண்டையின் நடு ரவுண்டுகளில் ஃபியூரி அப்பர்கட்டாலும் உடல் குத்தாலும் நன்றாகவே ஆடினார். ஆனால் அந்த வேகத்துக்கு ஈடுகொடுத்துப் பன்னிரண்டு ரவுண்டும் தூரத்தைக் காப்பாற்ற அவரால் முடியவில்லை.

இதற்கு நேர் எதிரான உதாரணம் 1990 பிப்ரவரி 11, டோக்கியோ. மைக் டைசன் 178 செ.மீ., பஸ்டர் டக்ளஸ் 192 செ.மீ. கை வீச்சில் 12 அங்குல வித்தியாசம். டைசன் தன் காலம் முழுக்கத் தன்னைவிட உயரமானவர்களையே வீழ்த்திக்கொண்டிருந்தார், அதனால் அன்று உயரத்தை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பந்தயக்காரர்கள் டக்ளஸுக்கு 42-க்கு 1 என்று போட்டிருந்தார்கள், அதாவது அவர் ஜெயித்தால் ஒரு ரூபாய்க்கு 42 ரூபாய். டக்ளஸ் ஜாபை விடாமல் போட்டு டைசனை வெளித்தூரத்திலேயே நிறுத்தி, பத்தாவது ரவுண்டில் வீழ்த்தினார். டைசனிடம் தோற்ற மற்ற உயரமானவர்களிடமும் நீளக் கை இருந்தது. அதைப் பத்து ரவுண்டு பயன்படுத்திக் காட்டியவர் டக்ளஸ்.

நம் ஊர்க் கதையும் ஒன்று உண்டு. 2021 மார்ச்சில் கோவாவில், சூதாட்டக் கப்பல் ஒன்றின் மேல்தளத்தில், விஜேந்தர் சிங் தொழில்முறையில் முதல்முறையாகத் தோற்றார். எதிரி ரஷ்யாவின் ஆர்ட்டிஷ் லாப்சன், ஆறடி நான்கு அங்குலம். விஜேந்தர் ஆறடி. ஐந்தாம் ரவுண்டில் முடிந்தது. "உயரம்தான் கவிழ்த்துவிட்டது" என்று உடனே தீர்ப்பு எழுதினார்கள். அதற்கு முந்தைய சண்டையை விஜேந்தர் ஆடியது 2019 நவம்பரில் என்பதையும் பார்க்க வேண்டும். ஒரு வருடத்துக்கு மேல் ரிங்கில் ஏறாத வீரருக்கு முதலில் துருப்பிடிப்பது இந்தத் தூரக் கணிப்புதான்.

எடை: காலையிலா, முந்தைய நாளா?

எடைப் பிரிவு என்ற ஏற்பாடே உடல் சாதகத்தைக் குறைக்க வந்தது. அதனால் ஒரே பிரிவில் இருவர் மோதும்போது இன்னொரு கணக்கு ஓடும்: எடை சமம் என்றால் உயரமானவர் பெரும்பாலும் ஒல்லியானவர். அவருக்கு நீளம், மற்றவருக்குத் திண்மை. ஒன்று கிடைத்தால் மற்றொன்றில் கொஞ்சம் போகும்.

எடை எப்போது பார்க்கிறார்கள் என்பதில்தான் பலருக்குக் குழப்பம். தொழில்முறைப் போட்டியில் முந்தைய நாளே எடை பார்ப்பார்கள். உடலில் உள்ள நீரை வற்றவைத்து எடை காட்டிவிட்டு, அடுத்த நாளுக்குள் தண்ணீரும் சாப்பாடும் ஏற்றிப் பல கிலோ கூடிக்கொண்டு ரிங்கில் ஏறலாம். இதைக் கட்டுப்படுத்தத்தான் உலகப் பட்டம் தரும் அமைப்புகளில் ஒன்றான ஐ.பி.எஃப். தன் பட்டப் போட்டிகளில் மறுநாள் காலையும் எடை பார்த்து, 10 பவுண்டுக்கு மேல் கூடியிருக்கக் கூடாது என்று விதி கொண்டுவந்தது. ஒலிம்பிக் பாணிப் போட்டியில் சண்டை இருக்கும் ஒவ்வொரு நாள் காலையும் எடை பார்க்கிறார்கள், அதனால் அந்த வித்தை பெரிதாக எடுபடாது. 2024 பாரிஸ் ஒலிம்பிக் மல்யுத்தத்தில் இரண்டாம் நாள் காலை 100 கிராம் கூடியதால் வினேஷ் போகட் இறுதிப் போட்டியை இழந்தது எல்லோருக்கும் நினைவிருக்கும். விளையாட்டு வேறு, அந்தக் காலை நேரத் தராசின் கொடுமை ஒன்றுதான்.

எடைப் பிரிவே மாறவேண்டி வந்தால் எவ்வளவு சிரமம் என்பதற்கு மேரி கோம் சாட்சி. 2012 லண்டன் ஒலிம்பிக்கில் பெண்களுக்கு மூன்றே பிரிவுகள், அதில் மிகக் குறைந்தது 51 கிலோ. 48 கிலோவிலும் அதற்குக் குறைந்த பிரிவுகளிலும் உலகப் பட்டங்கள் வென்றவர், தன்னைவிடப் பெரிய உடல்வாகு கொண்டவர்களோடு மோத வேண்டியதாயிற்று. அப்படியும் வெண்கலம் கொண்டுவந்தார், அரையிறுதியில் நிக்கோலா ஆடம்ஸிடம் தோற்று. 2018-இல் டெல்லி கே.டி.ஜாதவ் உள்ளரங்கில் தன் பழைய 48 கிலோ பிரிவில் இறங்கியபோது ஆறாவது உலகப் பட்டம். இறுதிப் போட்டியில் 5-0.

இடது கை முன்னா, வலது கை முன்னா?

பட்டியலில் ஒரே ஒரு சொல்லாக இருப்பதால் பலர் கவனிக்காமல் விடும் வரி இது. இடது காலையும் இடது கையையும் முன்னால் வைத்து நிற்பவர் ஆர்த்தடாக்ஸ். வலது முன்னால் இருந்தால் சவுத்பா. உசிக் சவுத்பா.

இருவேறு நிலையில் நிற்பவர்கள் எதிரெதிரே வந்தால் முன்னங்கால்கள் ஒன்றையொன்று மிதிக்கும், முன்கைகள் ஒன்றோடொன்று இடிக்கும். ஜாப் போகும் பாதை அடைபடும். யாருடைய முன்னங்கால் எதிராளியின் முன்னங்காலுக்கு வெளிப்பக்கம் விழுகிறதோ, அவருடைய பின்கை நேராக எதிராளியின் நடுவை நோக்கி இருக்கும். அந்தப் பின்கைதான் பலமான கை. அதனால் இப்படிப்பட்ட சண்டையில் கண் போக வேண்டிய இடம் தரை.

இன்னொன்று: சவுத்பாக்கள் குறைவு. அவர்கள் பயிற்சியில் தினமும் ஆர்த்தடாக்ஸ் ஆட்களோடுதான் மோதுகிறார்கள். மறுபக்கம் இருப்பவர் சவுத்பாவை எப்போதாவதுதான் பார்க்கிறார். பெரிய சண்டைக்கு முன் பயிற்சி முகாமுக்கு இடக்கை வீரர்களைத் தேடிப்பிடித்து வரவழைக்கிறார்கள் என்ற செய்தியை இந்த வெளிச்சத்தில் படிக்க வேண்டும்.

டெல்லிக்காரர்கள் இதை நேரில் பார்த்திருக்கிறார்கள். 2016 ஜூலை 16, தியாகராஜ் ஸ்டேடியம். லட்சுமிபாய் நகர்ப் பக்கம் இருக்கும் தமிழர்களுக்கு ஐ.என்.ஏ. தாண்டினால் வந்துவிடும் இடம். விஜேந்தருக்கு எதிரே கெர்ரி ஹோப், சவுத்பா. விஜேந்தர் அதுவரை ஆடிய ஆறு தொழில்முறைச் சண்டைகளும் பாதியிலேயே நாக்அவுட்டில் முடிந்தவை. பத்து ரவுண்டு தாங்குவாரா என்பதுதான் அன்றைய பெரிய கேள்வி. தாங்கினார். நடுவர் அட்டைகள் 98-92, 98-92, 100-90.

அட்டையை எப்படிப் படிப்பது

தொழில்முறையில் ஒவ்வொரு ரவுண்டிலும் ஜெயித்தவருக்கு 10, தோற்றவருக்கு பெரும்பாலும் 9. கீழே விழுந்தால் 8. பத்து ரவுண்டில் 98-92 என்றால் எட்டு ரவுண்டு ஜெயித்து இரண்டு ரவுண்டு விட்டுக்கொடுத்தார் என்று பொருள். உயரத்துக்கோ கை நீளத்துக்கோ நடுவர் புள்ளி தருவதில்லை. சுத்தமாகப் பட்ட குத்து, பலனளித்த ஆக்ரோஷம், ரிங்கைத் தன் கட்டுப்பாட்டில் வைத்திருப்பது, தற்காப்பு. இவைதான் அளவுகோல். முன்னேறி வந்துகொண்டே இருந்து ஒன்றும் படவில்லையென்றால் அது ஆக்ரோஷக் கணக்கில் சேராது.

ஒரு புள்ளி எவ்வளவு கனம் என்பதற்கு உசிக்-ஃபியூரி முதல் சண்டையின் அட்டைகளைப் பாருங்கள். உசிக்குக்கு 115-112, 114-113. ஃபியூரிக்கு 114-113. ஒன்பதாவது ரவுண்டில் ஃபியூரி தள்ளாடிக் கயிற்றில் சாய்ந்து நின்றதை ரெஃபரி நாக்டவுன் (கீழே விழுந்ததற்குச் சமம்) என்று எண்ணினார். அந்த ஒரு புள்ளி இல்லாமல் போயிருந்தால் ஓர் அட்டை உசிக்குக்கு, ஓர் அட்டை ஃபியூரிக்கு, மூன்றாவது 114-114. சண்டை டிரா. உயரத்தைப் பற்றி நடந்த அத்தனை வாதமும் கடைசியில் அந்தச் சில நொடிகளில் வந்து நின்றது.

ஒலிம்பிக் பாணியில் மூன்று ரவுண்டு, ஐந்து நடுவர்கள். 2023 மார்ச்சில் டெல்லி உலகப் பெண்கள் போட்டியின் இறுதியில் லவ்லினா போர்கோஹெய்ன் 5-2 என்றும் ஸவீட்டி பூரா 4-3 என்றும் ஜெயித்தபோது, "ஐந்து நடுவருக்கு ஏழு ஓட்டு எப்படி?" என்று பலர் கேட்டார்கள். ஐந்து பேர் 3-2 எனப் பிரிந்தால் கண்காணிப்பாளர்கள் இருவரின் மதிப்பெண்ணையும் சேர்க்கும் மறுஆய்வு முறை அப்போது இருந்தது. அதனால்தான் ஏழு.

மூன்று ரவுண்டில் உத்தியை மாற்ற அவகாசம் கிடையாது என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். முதல் ரவுண்டிலேயே வெளித்தூரத்தைப் பிடித்துவிட்டவருக்கு அங்கே உடல் சாதகம் கூடுதலாகப் பேசும். பன்னிரண்டு ரவுண்டில் எதிராளியைக் களைக்க வைத்து அந்தச் சாதகத்தைக் கரைத்துவிட நேரம் இருக்கிறது.

சண்டைக்கு முன் வரும் பேச்சு

பத்திரிகையாளர் சந்திப்பில் வீரர் சொல்லும் திட்டத்தை எவ்வளவு நம்பலாம்? எனக்குத் தெரிந்து இதற்கு 1974 அக்டோபர் 30 அன்று ஆப்பிரிக்காவின் கின்ஷாசாவில் நடந்த அலி-ஃபோர்மன் சண்டையைவிடத் தெளிவான பதில் இல்லை. ஜார்ஜ் ஃபோர்மன் 25 வயது, 40 சண்டையில் 40 வெற்றி, அதில் 37 நாக்அவுட். முகமது அலியைத் தோற்கடித்த ஜோ ஃபிரேசியர், கென் நார்டன் இருவரையும் தலா இரண்டே ரவுண்டில் முடித்தவர். அலிக்கு 32 வயது. "நான் நடனமாடுவேன், அவன் என்னைப் பிடிக்கவே முடியாது" என்ற தொனியில் அலி வாரக்கணக்கில் பேசிக்கொண்டிருந்தார். ஃபோர்மன் தரப்பும் ஓடும் ஆளை எப்படி மடக்குவது என்றே தயாரானது.

இரண்டாம் ரவுண்டில் அலி தானாகவே கயிற்றில் போய்ச் சாய்ந்தார். பலசாலிக்கு வசதியான இடம் என்று எல்லோரும் சொல்லும் இடம் அது. கைகளால் முகத்தை மூடிக்கொண்டு, தோளிலும் முழங்கையிலும் குத்துகளை வாங்கினார். தளர்வான கயிறு பின்னால் வளைந்து கொடுக்க, ஃபோர்மனின் குத்துகள் முகத்துக்கு எட்டாமல் கையிலும் உடம்பிலும் விழுந்தன. வெளித்தூரத்தை அலி காலால் உண்டாக்காமல் முதுகைச் சாய்த்து உண்டாக்கிக்கொண்டார். அந்தப் புழுக்கத்தில் ஃபோர்மன் வீசிய ஒவ்வொரு கனமான குத்தும் அவர் தெம்பையே கரைத்தது.

இந்தத் திட்டம் அலியின் சொந்தக் கார்னருக்கே (ரிங்கின் மூலையில் நிற்கும் அவர் ஆட்களுக்கே) தெரியாது. பயிற்சியாளர் ஏஞ்சலோ டண்டி கயிற்றை விட்டு வெளியே வா என்று கத்திக்கொண்டே இருந்தார். எட்டாவது ரவுண்டின் முடிவில் கயிற்றிலிருந்து திரும்பி வந்த அலியின் குத்துகளில் ஃபோர்மன் தரையில் கிடந்தார்.